ஒளியூட்டக் கணிப்பும் திருகோணமலை வானமும்: ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றையே மனங்கொள்வது தமிழ்ச் சூழலில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். ஆயின், ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும் எழுத்துக்கள் யாவும் இலக்கிய எழுத்துக்கள் அல்ல. பாடசாலை, வைத்தியசாலை, நூலகம், அலுவலகம் எனப் பெருங்கட்டடம் ஒன்று எழுவதற்கு முன்னர் அதன்பொருட்டு எழுதப்படும் அறிக்கைகள் பல. அவற்றுள் ஒன்று உள்ளக ஒளியூட்டக் கணிப்பறிக்கை. எந்த அறையில் எத்தனை விளக்கு, எந்த உயரத்தில், எவ்வளவு ஒளி என்பதைக் கணினி மென்பொருளொன்றின் துணையோடு கணித்துக் கூறுவது அது. அட்டவணைகளோடும் வண்ணப் படங்களோடும் பல பத்துப் பக்கங்களில் அமையும் அவ்வறிக்கையைப் பொறியியலாளர் ஆக்குவர், கட்டுவிப்போர் ஒப்பமிடுவர், பின்னர் அது கோப்பினுள் அடங்கிவிடும். அதனை ஓர் எழுத்தாகக் கொண்டு வாசிப்பார் அரியர்.

அவ்வாறு வாசிப்பதற்குரிய கருவி தமிழ் மாணவருக்குப் புதியதன்று. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என வகுத்த தொல்காப்பியம், முதற்பொருள் என்பது நிலமும் பொழுதுமே என வரையறுத்தது. ஒரு பாட்டைக் கையில் எடுத்தவுடன் இது எந்த நிலம், எந்தப் பொழுது என்று கேட்பது அம்மரபிற் பயின்றோர்க்கு இயல்பாகிவிட்டது. அதே கேள்வியை ஒளியூட்ட அறிக்கையிடம் கேட்டால் கிடைக்கும் விடை வியப்புக்குரியது. விளக்கு, மேசை, சுவர், தளம் என்று கருப்பொருள் அதில் நிறைந்து கிடக்கும். நிலத்தையும் பொழுதையும் தேடினால், அவை வெற்றிடமாகவோ வேறோர் ஊருக்கு உரியனவாகவோ இருப்பதே பெரும்பாலும் நிகழ்வது. இக்குறை வெறும் எழுத்துக் குறையன்று. அதன் விலையை அக்கட்டடத்தைப் பயன்படுத்துவோர் மின்கட்டணமாகவும் கண்கூச்சமாகவும் வெக்கையாகவும் செலுத்துகின்றனர்.

கணிப்பின் தன்மையை முதலிற் சுருக்கமாக நோக்குதல் தகும். விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியை லூமன் என்ற அலகாலும், பரப்பின்மீது விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகாலும் அளப்பர். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லூமன் சீராக விழுமாயின் அது ஒரு லக்ஸ். இவ்வளவைக்குரிய கணித அடிப்படையை லாம்பேட் என்ற அறிஞர் 1760இல் வெளியிட்ட ‘ஃபோட்டோமெற்றியா’ என்னும் இலத்தீன் நூலிற் காணலாம். கணினிக்கு முந்திய காலத்துப் பொறியியலாளர் பெரிதும் கையாண்டது லூமன் முறை. வேண்டிய லக்ஸை அறையின் பரப்பாற் பெருக்கி, அப்பெருக்கத்தை ஒரு விளக்கின் லூமனாலும் இரண்டு குணகங்களாலும் வகுத்தால் விளக்குகளின் தொகை கிடைத்துவிடும். குணகங்களுள் ஒன்று, விளக்கின் ஒளியில் எவ்வளவு மேசைக்கு வந்துசேரும் என்பதைக் குறிக்கும் பயன்பாட்டுக் குணகம். மற்றையது, தூசியாலும் முதுமையாலும் குறைந்த பின்னர் எஞ்சும் ஒளியைக் குறிக்கும் பராமரிப்புக் குணகம்.

சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை இம்முறை பருமட்டாகவே கணக்கிட்டது. 1984இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், வெப்பப் பரிமாற்றம் பற்றிய பொறியியலிலிருந்து பரப்புக்குப் பரப்பு ஒளி பரிமாறப்படுவதைக் கணிக்கும் முறையொன்றைக் கணினி வரைவியலுக்குக் கொணர்ந்தனர். அதே தசாப்தத்திற் கலிபோர்னியாவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திலே கிறெக் வார்ட் ‘றேடியன்ஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். காண்போன் கண்ணிலிருந்து ஒளிக்கதிரைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று அதன் மூலத்தைக் காண்பது அதன் வழி. ஜேர்மனியின் லூடன்ஷைட் நகரிலுள்ள டயல் நிறுவனம் 1990களில் வெளியிட்ட ‘டயலக்ஸ்’, சுவிற்சர்லாந்திற் பிறந்த ‘றீலக்ஸ்’ ஆகியன இன்று உலகெங்கும் பொறியியலாளரின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. நூறு அறைகள் கொண்ட கட்டடத்தின் ஒவ்வொரு மேசைப் புள்ளிக்கும் லக்ஸ் கணிக்க இன்று அதிக நேரம் செல்வதில்லை. இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் வேகமும் துல்லியமும் எங்கு அமைந்துள்ளன, எங்கு அமையவில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருகோணமலைத் துறைமுக நகரத்துக் குடியிருப்பான அன்புவழிபுரத்தில் மூன்று மாடிப் பாடசாலைக் கட்டடம் ஒன்று எழுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். பதினெட்டு வகுப்பறைகள், ஒவ்வொன்றும் 9 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உடையது, பரப்பு 54 சதுர மீற்றர். மேசையில் 300 லக்ஸ் வேண்டும். 20 வாற்றில் 2,000 லூமன் தரும் எல்ஈடி குழாய்விளக்கு ஒன்று தெரிவுசெய்யப்படுகின்றது. பயன்பாட்டுக் குணகம் 0.5, பராமரிப்புக் குணகம் 0.8 எனக் கொண்டால் ஓர் அறைக்கு வேண்டியவை 21 விளக்குகள். கட்டடம் முழுவதற்கும் 378. அனைத்தும் எரியும்போது செலவாகும் மின்வலு ஏறத்தாழ 7.5 கிலோவாற்று.

இனிக் குணகங்களைச் சற்றே அசைத்துப் பார்க்கலாம். மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் தெறிப்பு அளவுகள் கூரைக்கு நூற்றுக்கு 70, சுவருக்கு 50, தளத்துக்கு 20 என்பன. வெள்ளைப் பூச்சுக் கொண்ட உட்கூரையை எண்ணி வகுக்கப்பட்டவை இவை. மேல்மாடியில் உட்கூரை இன்றி, மரச்சலாகைகளும் சாம்பல் நிறத் தகடுகளும் வெளித்தெரியும் கூரையே அமையுமாயின் கூரையின் தெறிப்பு வெகுவாகக் குறையும். பயன்பாட்டுக் குணகம் 0.4 என வீழ்ந்தால் 21 விளக்கு 26 ஆகும். பராமரிப்புக் குணகத்தை எடுத்துக்கொள்வோம். 0.8 என்பது ஒழுங்காகத் துடைக்கப்படும் விளக்குக்கு உரியது. கடற்கரை ஊரின் உப்புக் காற்றும், வறண்ட மாதங்களின் புழுதியும், துடைப்பதற்கென ஆளோ ஏணியோ இல்லாத பாடசாலையின் நிலைமையும் சேர்ந்தால் 0.6 என்பதே நேர்மையான எண்ணாகலாம். அவ்வாறாயின் முதற் கணக்கின் 21 விளக்கு 27 ஆகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் 312 என்றும் 297 என்றும் நுணுகி எழுதும் அறிக்கை, அந்த எண்ணைப் பெறுவதற்கு உள்ளிட்ட அனுமானத்தில் நாலிலொரு பங்கு தவறியிருக்கக்கூடும் என்பதை எங்கும் கூறுவதில்லை. கணிப்பின் துல்லியம் வேறு, கணிப்புக்குக் கொடுத்த செய்தியின் துல்லியம் வேறு.

ஐரோப்பிய நியமம் வகுப்பறைக்கு 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் விதித்த அளவு 300 லக்ஸ். 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 500 ஆயிற்று. மேற்கூறிய அறைக்கு 500 லக்ஸ் வேண்டுமாயின் 34 விளக்கு தேவை. இடைப்பட்ட பத்தாண்டில் மாணவர் கண்கள் மாறிவிடவில்லை. குறைந்த செலவில் நிறைந்த ஒளி தரும் விளக்கு கிடைத்ததும் ‘போதும்’ என்பதன் எல்லை உயர்ந்ததோ என்று ஐயுற இடமுண்டு. மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல். குளிர்நாட்டு வகுப்பறையிற் கூரைவிசிறி இல்லை. ஆதலால் அதற்கென வகுக்கப்பட்ட அறைமாதிரியிலும் அது இல்லை. விளக்கு மேலேயும் விசிறி கீழேயும் தொங்கும் அறையில், சுழலும் தகடுகள் ஒளியை வெட்டி வெட்டிக் கொப்பியின்மீது எறிவதை அனுபவித்த மாணவர் இந்நாட்டில் எண்ணிலர். அறிக்கையின் வண்ணப் படத்தில் அந்த நிழலுக்கு நிறம் கிடையாது.

இவை யாவும் விளக்கைப் பற்றியன. அடிப்படையான குறை வேறோரிடத்தில் உள்ளது. இலங்கையின் அரசாங்கப் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றது. நாளின் மிகப் பிரகாசமான ஆறு மணித்தியாலமே அதன் வேலை நேரம். இரவைக் காணாத கட்டடத்துக்கு 378 விளக்கைக் கணித்து, அவை ஆறு மணித்தியாலமும் எரியும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 45 அலகு மின்சாரம். ஆண்டில் 190 பாடசாலை நாட்களுக்கு ஏறத்தாழ 8,600 அலகு. வெளியே வெயில் எரிந்துகொண்டிருக்கையில் உள்ளே இவ்வளவு விளக்கும் ஏன் எரிய வேண்டும் என்ற கேள்வி எழும் இடத்திலேதான் வானம் பற்றிய விசாரணை தொடங்குகின்றது.

பகலொளிக் கணிப்பில் நெடுங்காலம் ஆட்சிசெய்து வந்தது மூடுவானம். வானம் முழுவதும் சீராக முகில் மூடியிருக்கும். உச்சி வானம் அடிவானத்தைப் போல மும்மடங்கு பிரகாசமாக இருக்கும். சூரியன் என்றொரு பொருளே கண்ணுக்குத் தெரியாது. மூன், ஸ்பென்சர் என்ற இருவர் 1942இல் இம்மாதிரியைச் சமன்பாடாக்கினர். சர்வதேச ஒளியியல் ஆணைக்குழு 1955இல் அதனை ஏற்றுக்கொண்டது. வெளியே மறைப்பின்றிக் கிடைக்கும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அறையினுள் ஒரு புள்ளிக்கு வந்துசேரும் என்பதே பகலொளிக் காரணி. பிரித்தானியாவில் வெளியொளியை 5,000 லக்ஸ் எனக் கொள்வது வழக்கமாயிருந்தது. இரண்டு சதவீதக் காரணியுடைய புள்ளிக்கு அங்கே 100 லக்ஸ் கிடைக்கும். சூரியனை அடியோடு விலக்கியதால் யன்னல் எந்தத் திசை நோக்கினாலும் விடை ஒன்றே. கிழக்கும் மேற்கும் வடக்கும் தெற்கும் இல்லாத உலகம் அது. இருண்ட குளிர்கால நாளிலும் குறைந்தபட்ச ஒளியை உறுதிசெய்ய வேண்டிய நாட்டுக்கு இது அறிவார்ந்த ஏற்பாடு. மிக மோசமான வானத்துக்குத் திட்டமிட்டால் ஏனைய நாட்களைப் பற்றிக் கவலையில்லை என்பது அதன் உட்கருத்து.

திருகோணமலைக்கு மிக மோசமான வானம் மூடுவானமன்று, தெளிவானமே. வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையளவில் அமைந்த அவ்வூரில் மார்கழித் திங்களின் நண்பகற் சூரியனும் 58 பாகை உயரத்தில் நிற்கும். டயலக்ஸ் பிறந்த லூடன்ஷைட்டில் அதே நாளில் அது 15 பாகையை எட்டுவதே அரிது. சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களிற் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பின்னர் ஓகஸ்ட் இறுதிவரை உச்சியின் வடபுறத்தே இயங்குகின்றது. வடக்கு யன்னலால் வெயில் வராது, இதமான ஒளியே வரும் என்று மேலைநாட்டுக் கட்டடக்கலை நூல்கள் கூறுவதை நம்பி வடபுறத்தை அகலத் திறந்துவைத்தால், ஆனி மாதக் காலையிற் சாய்கதிர் மேசைக்கு வந்துவிடும். தெளிந்த வெயிலில் வெளியொளி ஓரிலட்சம் லக்ஸை நெருங்கும். அதில் நூறில் ஒரு பங்கே ஆயிரம் லக்ஸ். இங்கே ஒளி பஞ்சமன்று; மிகுதி. மிகுந்த ஒளியை வெக்கையின்றி, கூச்சமின்றி, அளவாக உள்ளே அழைப்பதே கட்டடம் செய்யவேண்டிய வேலை.

அதனைச் செய்யத் தவறும் கட்டடத்தில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. வெயில் விழும் யன்னல் சாத்தப்படும், அல்லது திரையிடப்படும். திரையிட்டதும் அறை இருளும். இருண்டதும் விளக்கெரியும். விளக்கெரிந்தபின் அவ்வறையில் 300 லக்ஸ் சரியாகக் கிடைக்கும். அறிக்கை தான் கூறியதை மெய்ப்பித்துவிட்டது! தன் கணிப்பு மெய்யாவதற்குரிய இருளைக் கட்டடமே உண்டாக்கிக் கொடுப்பது விசித்திரமான ஒத்துழைப்புத்தான்.

கிழக்கிலங்கை மக்கள் ஆண்டை வானத்தால் மட்டுமன்றிக் காற்றாலும் வகுத்தவர்கள். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்னும் பெயர்கள் கடற்றொழிலாளரிடையே இன்றும் வழங்குவன. ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவம் மழையைக் கொணர்வதும், வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வெக்கையோடு வீசுவதும் திருகோணமலையின் பெரும்பொழுதுகள். இவற்றுள் மென்பொருளின் மூடுவானத்தோடு ஒத்துப்போவது வாடைக்கால வானம் ஒன்றே. ஆண்டின் ஒரு பகுதிக்கு உரிய வானத்தை ஆண்டு முழுவதற்கும் விரித்துவிடுவது, முல்லைக்குரிய காரை எல்லாத் திணைக்கும் ஏற்றிக் கூறுவதைப் போன்ற மயக்கமாகும். திணைமயக்கத்துக்காவது இலக்கணத்தில் அமைதி உண்டு.

வாடைக்கால வானத்தையும் விளக்கையும் ஒருங்கே கூறும் பாட்டு பத்துப்பாட்டில் உள்ளது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் முகில் மூடிய மாலை வருகின்றது. சூரியன் தெரியாமையால் அந்தி வந்ததைக் கண்ணால் அறிய வழியில்லை. தட்டிலே வைத்த பிச்சியரும்பு அவிழ்ந்து மணப்பதால் மகளிர் பொழுதறிந்து விளக்கேற்றுகின்றனர். அதே பாட்டில் அரண்மனைக்குத் திசை குறிக்கும் சிற்பநூல் வல்லார், சூரியன் ஒருபாலும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டு நிழல் பார்க்கின்றனர். உள்ளே யவனர் செய்த பாவை ஏந்திய அகலில் எரியும் விளக்கு. வெளியே பாசறையில் வாடைக்கு ஆடித் தெற்கே தலைசாய்க்கும் சுடர். பழந்தமிழர் ஒளியியலை அன்றே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதற்கு இப்பாட்டில் எதுவும் இல்லை. அத்தகைய பெருமிதம் ஆய்வுக்குப் பகை. கவனிக்கத்தக்கது வேறு. அப்பாட்டில் எந்த ஒளியும் இடமும் பொழுதும் இன்றித் தனித்து நிற்பதில்லை. மூடிய வானம் எந்த மாதத்தது, சுடர் எந்தத் திசைக்குச் சாய்ந்தது, நிழல் எந்த நாளில் அளக்கப்பட்டது என்பன தெளிவாக உள்ளன. 188 அடிகளில் ஒரு புலவர் தரும் இச்செய்திகளைப் பல பத்துப் பக்க அறிக்கை தராதிருப்பதே வியப்பு.

அயல்நாட்டில் இக்கேள்வி பல்லாண்டுகட்கு முன்னரே எழுப்பப்பட்டது. றூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவன ஆய்வாளர் இந்திய வானத்தின் பிரகாசத்தை அளந்தனர். இந்திய நியமம் மூடுவானத்தை விடுத்து, சூரியன் 15 பாகை உயரத்தில் நிற்கும் தெளிவானத்தையும் 8,000 லக்ஸ் வெளியொளியையும் பகலொளித் திட்டமிடலுக்கு அடிப்படையாகக் கொண்டது. அதிலும் நேர்வெயில் கணக்கில் இல்லை என்பது உண்மையே. எனினும் ‘யாருடைய வானம்’ என்று கேட்டு, அளந்து, மாற்றி எழுதிய துணிவு அதில் உண்டு. இலங்கையிற் பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது முன்மாதிரியாகத்தக்கது.

மென்பொருளின் சார்பிற் கூறத்தக்கவற்றையும் கூறவேண்டும். அதனுள்ளே மூடுவானம் மாத்திரம் இல்லை. டயலக்ஸில் தெளிவானத்தையும் இடைநிலை வானத்தையும் தெரிவுசெய்யலாம். ஊரின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் நாளையும் நேரத்தையும் கொடுக்கலாம். றேடியன்ஸை அடிப்படையாகக் கொண்ட கருவிகளோ ஆண்டின் 8,760 மணித்தியாலங்களுக்கும் வானிலைத் தரவைக் கொண்டு கணிக்க வல்லவை. பெரும்பொழுதும் சிறுபொழுதும் முழுமையாக இடம்பெறும் கணிப்பு அது. நபில், மார்டல்ஜெவிக் என்னும் ஆய்வாளர் 2005இல் முன்வைத்த ‘பயன்தகு பகலொளி’ என்ற கருத்து, 100 லக்ஸுக்குக் கீழுள்ளதைப் போதாமை என்றும் 2,000 லக்ஸுக்கு மேற்பட்டதை மிகை என்றும் ஒதுக்கியது. ஒளிக்கும் மேலெல்லை உண்டு என்று எண்ணாற் கூறியமை வெப்பமண்டலத்தார்க்கு மிக வேண்டியதொன்று. சத்திரசிகிச்சைக்கூடம், இரவுநேர நூலகம், தப்பியோடும் வழிக்கான அவசர விளக்கு ஆகியவற்றுக்கு விளக்குக் கணிப்பு இன்றியமையாதது என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. ஆகவே குற்றம் கருவியின் இயலாமையன்று. கருவி முன்வைத்ததை அப்படியே விட்டுவிடும் பழக்கமே விமர்சனத்துக்குரியது.

அப்பழக்கத்துக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. டயலக்ஸின் அடிப்படை வடிவத்தை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அதனை வளர்த்தெடுக்கும் செலவிற் பெரும்பங்கை ஏற்றவர்கள் தத்தம் பொருட்பட்டியலை அதனுள் இணைத்துக்கொள்ளும் விளக்கு உற்பத்தியாளர்கள். இதில் மறைவோ வஞ்சகமோ இல்லை. வெளிப்படையாக அறியப்பட்ட ஏற்பாடே. ஆயினும் எழுத்தொன்றின் புரவலர் யார் என்று கேட்பது இலக்கிய வரலாற்று மாணவனின் கடமை. விளக்கு விற்போர் புரந்த கருவியில் விளக்கைத் தேர்தல் மிக எளிதாகவும், இறவாரத்தை ஒரு முழம் நீட்டிப் பார்த்தல் சற்றே கடினமாகவும் இருப்பதில் ஆச்சரியமில்லை. இறவாரத்துக்கு உற்பத்தியாளர் இல்லை. அரைச்சுவருக்குப் பொருட்பட்டியல் இல்லை.

இறவாரமும் அரைச்சுவரும் இந்நாட்டுப் பாடசாலைக்கு அந்நியமானவை அல்ல. இருபுறமும் அரைச்சுவர் வைத்து, தாழ இறங்கிய கூரையோடு நீண்டு கிடக்கும் ஒருமாடி மண்டபத்தை அறியாத இலங்கை மாணவர் அரியர். இரு பக்கமும் ஒளி வருவதால் ஒரு பக்க நிழல் மறுபக்க ஒளியாற் கலைந்துவிடும். இறவாரம் வெயிலைத் தடுக்கும். முற்றத்து வெண்மணலிற் பட்டுத் தெறிக்கும் ஒளி கூரையின் அடிப்புறத்துக்கு ஏறி அறையினுள் இறங்கும். வானத்தைவிடத் தரையிலிருந்தே ஒளியைப் பெறும் இவ்வமைப்பிற் கூரையின் அடிப்புறத்துக்கு வெள்ளை பூசுவது பல விளக்குக்குச் சமம். மாத்தறையை அடுத்து 1980களில் எழுந்த றுகுணைப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பாவா இறவாரம், முற்றம், திறந்த நடைவழி ஆகியவற்றைக் கொண்டே பெருங்கட்டடத் தொகுதியொன்றை அமைத்துக் காட்டினார். ஆகவே இம்முறை சிறுகட்டடத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று தள்ளிவிட முடியாது. கணினியும் இதற்குப் பகையன்று. அமெரிக்காவின் ஃபோர்ட் வேர்த் நகரில் 1972இல் திறக்கப்பட்ட கிம்பெல் கலைக்கூடத்திலே, டெக்சாஸ் வெயிலை வளைகூரையின் அடிப்புறத்துக்குத் திருப்பும் தெறிகருவியின் வளைவைக் கணிக்க லூயி கானின் ஒளியூட்ட வல்லுநர்கள் அக்காலத்திலேயே கணினியை நாடினர். அங்கே கணினியிடம் கேட்கப்பட்டது, எத்தனை விளக்கு என்பதன்று. இவ்வூர் வெயிலை என்ன செய்வது என்பது.

அரைச்சுவரைப் புகழ்வதோடு நின்றுவிடுவதும் பொருந்தாது. வாடை வீசும் மாதங்களில் அதே அரைச்சுவரைத் தாண்டிச் சாரல் உள்ளே வரும், கொப்பி நனையும், தட்டியை இறக்கினால் அறை இருளும். அந்நாட்களில் விளக்கு வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தில், ஒருபுறம் நடைவழியும் மறுபுறம் யன்னலுமாக அமையும் அறையின் நடுவரிசை மேசைகளுக்கு வெயில் மாதத்திலும் ஒளி குறையலாம். எந்த மாதத்தில், எந்த மணித்தியாலத்தில், எந்த வரிசைக்கு என்பதைக் கூற வல்லது மென்பொருளே. பழைய மண்டபத்தின் அனுபவ அறிவு அவ்வளவு நுணுக்கமாகப் பேசாது. இவ்விடத்திற் கணிப்பு உண்மையிலேயே தேவைப்படுகின்றது; வழமையான அறிக்கை மௌனமாய் இருப்பதும் இவ்விடத்திலேயே. திருகோணமலையில் வானிலை அவதானிப்பு நிலையம் இயங்கிவருகின்றது. அவ்வூர் வானம் ஆவணமற்ற வானமன்று.

2022 மார்ச் இறுதியில் எரிபொருட் பற்றாக்குறையால் இலங்கை முழுவதிலும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 அளவில் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மீண்டும் உயர்ந்தது. விளக்கெரிந்தால் மட்டுமே வாசிக்கத்தக்க அறையும், விளக்கில்லாமலும் வாசிக்கத்தக்க அறையும் அந்நாட்களில் வெவ்வேறு உலகங்களாயின. கணிப்பறிக்கையில் இவ்விரு அறையும் 300 லக்ஸ் என்ற ஒரே பெயரோடு, ஒரே பச்சை நிறத்தில் இடம்பெறக்கூடும். மின்தடை ஏற்பட்டால் மேசையில் எஞ்சுவது எத்தனை லக்ஸ் என்ற ஒரு நிரலை அட்டவணையிற் சேர்ப்பதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு அதே கணிப்பை ஒருமுறை ஓட்டினாற் போதும்.

ஆளிகளைப் பற்றியும் இங்கே குறிப்பிடலாம். அன்புவழிபுரத்துக் கற்பனை அறையின் 21 விளக்கும் மூன்று வரிசையாக அமையும். அவ்வரிசைகள் யன்னற் சுவருக்கு இணையாக ஓடி, ஒவ்வொன்றும் தனித்தனி ஆளியில் இணைக்கப்படுமாயின், வெயில் மாதங்களில் யன்னலோரத்து ஏழு விளக்கையும் காலை முழுவதும் அணைத்துவைத்து, நடுவரிசையை மட்டும் வேண்டியபோது ஏற்றலாம். யன்னலுக்குக் குறுக்காக வரிசை ஓடுமாயின், உட்புறத்து மேசைக்கு வேண்டிய ஒளிக்காக யன்னலோரத்து விளக்கும் சேர்ந்தே எரியவேண்டும். மேசைக்குக் கிடைக்கும் லக்ஸ் இரண்டு அமைப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே அறிக்கையின் அட்டவணையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 8,600 அலகில் மூன்றிலொரு பங்கு எரிவதும் எரியாதிருப்பதும், கட்டடம் முடிந்தபின் மின்னிணைப்பாளர் எந்தச் சுவரில் எத்தனை ஆளியைப் பொருத்துகின்றார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகின்றது.